எக்ஸ் கதிரில் தேறியது, கற்றையில் தோற்றது

1990களின் நடுவில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள டெசி ஆய்வகத்தில் ஹெரா-பி என்றொரு சோதனை உருவாகிக்கொண்டிருந்தது. ஹெரா வளையத்தில் சுற்றிவரும் புரோட்டான் கற்றையின் விளிம்பில் மெல்லிய கம்பிகளை நீட்டி வைப்பார்கள். கற்றையிலிருந்து ஒதுங்கும் புரோட்டான்கள் அவற்றில் மோதும். தெறிக்கும் துகள்களுக்கு நடுவே பி-மேசான்களைத் தேடவேண்டும். நொடிக்கு நாலு கோடி மோதல்கள் வரை எதிர்பார்த்தார்கள். அக்காலத்துக்கு அது மிரட்டும் வேகம். துகள்களின் பாதையை வரைந்து காட்டவேண்டிய வெளித் தட உணரியைப் பாலிகார்பனேட் தாளை அறுகோணக் குழாய்களாக மடித்துக் கட்டினார்கள். ஒவ்வொரு குழாயின் நடுவிலும் பொன்முலாம் பூசிய கம்பி, சுற்றிலும் வாயு. மாதிரிகளை ஆய்வகத்தில் எக்ஸ் கதிர்களின் கீழே வைத்துப் பார்த்தார்கள். தாக்குப்பிடித்தன.

உண்மையான கற்றைக்கு அருகில் கொண்டுபோய் வைத்ததும் கதை மாறியது. குழாய்களுக்குள் மின்னோட்டம் தானாகவே கிளம்பி, கதிர்வீச்சு நின்ற பிறகும் நிற்காமல் ஓடியது. மால்ட்டர் விளைவு என்று இயற்பியலாளர்கள் 1930களிலிருந்து அறிந்திருந்த சங்கதிதான். எதிர்மின்வாயின் மேல் மின்கடத்தாத மெல்லிய படலம் ஒன்று இருந்தால், வாயுவில் பிறக்கும் நேர்மின் அயனிகள் உலோகத்தைத் தொடமுடியாமல் அதன்மேல் தேங்கும். தேங்கிய மின்னூட்டம் அடியிலுள்ள பரப்பிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி வாயுவுக்குள் தள்ளும். அவை புதிய அயனிகளை உண்டாக்கும். அவையும் வந்து படலத்தின்மேல் உட்காரும். அதே சோதனையின் உள் தட உணரிக்கும் இதே கதி. எக்ஸ் கதிரில் தேறிய அதன் நுண்பட்டை வாயு உணரிகள், புரோட்டான் போன்ற ஹாட்ரான்களின் கற்றையில் அடர்ந்த மின்னூட்டம் விட்டுச்செல்லும் துகள்கள் வந்தபோது தீப்பொறி வெடித்துக் கெட்டன.

இரண்டையும் மீட்டார்கள். தாளின்மேல் செம்பும் பொன்னும் பூசினார்கள். மீத்தேன் கலந்த வாயுவைக் கைவிட்டு ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்த கலவைக்கு மாறினார்கள். உள் உணரியில் கூடுதல் பெருக்கித் தகடு ஒன்றைச் செருகினார்கள். ஆனால் ஆண்டுகள் போய்விட்டன. ஹெரா-பி தேடிய பி-மேசான் சமச்சீர் மீறலை 2001இல் கலிபோர்னியாவின் பாபர் சோதனையும் ஜப்பானின் பெல் சோதனையும் நிறுவிவிட்டன. தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. இதுவும் பெரியதொரு காரணம்.

துகள் மோதுவிகளுக்கான உணர்கருவிகளைப் பற்றிப் பேசுபவர்கள் வழக்கமாக அளவில் தொடங்குவார்கள். செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ் கருவி 46 மீட்டர் நீளம், 25 மீட்டர் குறுக்களவு, 7,000 டன். அங்கேயே உள்ள சி.எம்.எஸ். அதைவிடச் சிறியது, ஆனால் எடை 14,000 டன். இந்த எண்கள் பிரமிக்கவைக்கும், அவ்வளவுதான். இத்துறை அரைநூற்றாண்டாகத் திணறிவரும் கேள்வி வேறு. இன்னும் கட்டப்படாத ஒரு மோதுவியில், பத்து இருபது ஆண்டுகள், கைபுகமுடியாத இடத்தில் இயங்கவேண்டிய கருவியை முன்கூட்டியே எப்படிச் சோதிப்பது? அதன் வரலாற்றை வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. துகளை உணரும் அடிப்படை இயற்பியல் கைவிட்ட நேரங்கள் அரிது. கைவிட்டவை பசை, எண்ணெய், கம்பி, வாயு போன்ற சாதாரணப் பொருள்கள். அவற்றைச் சோதிக்காமல் விட்டார்கள் என்பதும் இல்லை. சோதித்தார்கள், சோதனைதான் உண்மையான சூழலைப்போல் இருக்கவில்லை.

கருவியின் பொது அமைப்பு அனேகமாக எல்லா இடத்திலும் ஒன்றுதான். மோதல் புள்ளியைச் சுற்றி முதலில் தட உணரி, காந்தப்புலத்தில் வளையும் பாதையை அளக்க. அதற்கு வெளியே கலோரிமீட்டர். துகளை முழுக்க நிறுத்தி அதன் ஆற்றலை அளப்பது. எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு வெளியேறும் மியூவான்களைப் பிடிக்கக் கடைசி அடுக்கு. இந்த வெங்காய அமைப்பை மோதல் புள்ளியை ஏறக்குறைய முழுதாகச் சூழும்படி கட்டிக் காட்டிய முன்னோடி, ஸ்டான்ஃபோர்டின் மார்க்-1. 1974இல் ஜே/சை துகளைக் கண்ட இரு சோதனைகளில் ஒன்று. அதற்குமுன் 1968இல் செர்னில் ஜார்ஜ் ஷார்பாக் செய்த பலகம்பி வாயு அறை, குமிழ் அறைப் புகைப்படங்களிலிருந்து மின்னணுப் பதிவுக்குத் துறையை நகர்த்தியிருந்தது. 1992இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு.

செர்னின் 27 கிலோமீட்டர் வளையத்தில் 25 நானோநொடிக்கு ஒருமுறை புரோட்டான் கொத்துகள் குறுக்கிடுகின்றன. அந்த நேரத்தில் ஒளி கடப்பது ஏழரை மீட்டர். மையத்தில் பிறந்த துகள் அட்லஸின் கோடியை எட்டுவதற்குள் அடுத்த மூன்று குறுக்கீடுகள் நடந்து முடிந்திருக்கும். எந்தச் சமிக்ஞை எந்த மோதலுடையது என்று லட்சக்கணக்கான, உள்ளடுக்கில் கோடிக்கணக்கான தடங்களில் பிரித்துச் சொல்லவேண்டும். நொடிக்கு நாலு கோடி நிகழ்வுகளில் ஆயிரத்தைப்போல மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அங்கேயே விட்டுவிடவேண்டும். விட்டது விட்டதுதான். டிரிக்கர் எனப்படும் இந்த வடிகட்டியில் பிழை இருந்தால் பின்னால் எந்தக் கணினியாலும் திருத்தமுடியாது.

வடிவமைப்பு ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறது. சி.எம்.எஸ். குழுவினருக்கு அந்த எண்ணைக் கொடுத்தது ஹிக்ஸ் துகள். ஹிக்ஸ் லேசாக இருந்தால் அது இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைவதே அதைக் காட்டிக்கொடுக்கும் வழிகளில் ஒன்று என்று 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 125 கிகா எலக்ட்ரான் வோல்ட் நிறையுள்ள ஹிக்ஸின் இயல்பான அகலம் கோட்பாட்டின்படி 4 மெகா எலக்ட்ரான் வோல்ட், மயிரிழை. வரைபடத்தில் தெரியப்போகும் மேட்டின் அகலத்தை இயற்கை தீர்மானிப்பதில்லை, கருவியின் துல்லியம்தான் தீர்மானிக்கிறது. கருவி மோசமானால் மேடு பரந்து தாழ்ந்து பின்னணிக்குள் அமிழ்ந்துபோகும். ஆகவே ஃபோட்டானின் ஆற்றலை ஒரு விழுக்காட்டுக்குள் அளக்கவேண்டும். விடையாக வந்தது லெட் டங்ஸ்டேட் படிகம். கண்ணாடிபோலத் தெளிவு, இரும்பைவிடக் கனம். அப்படி 75,848 படிகங்கள். ரஷ்யாவிலும் சீனாவிலும் ஆண்டுக்கணக்கில் வளர்த்தெடுத்தவை.

ஒரு முடிவு இன்னொன்றை இழுத்துவரும். இந்தப் படிகம் தரும் ஒளி குறைவு. அதைப் பெருக்கச் சரிவுப் பெருக்க ஒளி டையோடுகள் வேண்டும், ஏனென்றால் வழக்கமான ஒளிப்பெருக்கிக் குழாய்கள் வலிமையான காந்தப்புலத்தில் வேலைசெய்யா. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் படிகத்தின் ஒளி ஏறத்தாழ 2 விழுக்காடு குறையும், டையோடின் பெருக்கமும் சேர்ந்து குறையும். எனவே பல டன் படிகத்தை 18 டிகிரியில், டிகிரியின் இருபதில் ஒரு பங்குக்குள் நிறுத்திவைக்கவேண்டும். அடிப்படைத் துகளைத் தேடப் புறப்பட்டவர்கள் தண்ணீர்க் குழாய்களின் வெப்பநிலையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் கவலைப்பட்டது இப்படித்தான்.

காந்தத்துக்கும் இதே போன்ற கணக்கு. சி.எம்.எஸ்.ஸின் 3.8 டெஸ்லா புலத்தில், 1,000 கிகா எலக்ட்ரான் வோல்ட் உந்தமுள்ள துகள் 1.1 மீட்டர் ஆரமுள்ள தட உணரிக்குள் நேர்கோட்டிலிருந்து விலகுவது மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான். அதைப் பத்து விழுக்காடு துல்லியத்தில் அளக்க, ஒவ்வொரு அடுக்கும் எங்கே இருக்கிறது என்று சில பத்து மைக்ரான்களுக்குள் தெரிந்திருக்கவேண்டும். அட்லஸ் குழுவினர் வேறு வழியில் போனார்கள். மின்காந்தக் கலோரிமீட்டருக்குத் திரவ ஆர்கான், அதில் துருத்திபோல மடித்த ஈயத் தகடுகள். மியூவான்களுக்கு 25 மீட்டர் நீளமுள்ள எட்டு மாபெரும் காந்தச் சுருள்கள். ஒரே கேள்விக்கு இரண்டு எதிரெதிரான விடைகள். 2012 ஜூலை 4 அன்று இரண்டும் ஹிக்ஸுக்கு ஏறத்தாழ ஒரே நிறையைக் காட்டியதால்தான் அறிவிப்புக்கு எடை வந்தது. ஒன்றில் ஒளிந்திருக்கும் குறை மற்றதில் இருக்க வழியில்லை என்பதே இந்த இரட்டைச் செலவுக்கான நியாயம். எனக்கு அது போதுமான நியாயமாகத்தான் படுகிறது.

சோதனையில் தேறுவது மட்டும் ஒரு தொழில்நுட்பத்தைக் காப்பாற்றுவதில்லை. சி.எம்.எஸ்.ஸின் தட உணரியில் வெளி அடுக்குகளுக்கு முதலில் திட்டமிட்டது, ஹெரா-பி தடுக்கி விழுந்த அதே நுண்பட்டை வாயு உணரிகள். தீப்பொறிப் பிரச்சினையைத் தெரிந்துகொண்டு வடிவத்தை மாற்றி, சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் தீவிரமான பயான் கற்றையில் 1999இல் வைத்துப் பார்த்தார்கள். தேறின. அந்த ஆண்டு முடிவதற்குள் குழு அவற்றைக் கைவிட்டு முழுத் தட உணரியையும் சிலிக்கானில் செய்வதென்று முடிவெடுத்தது. சிலிக்கான் வட்டுகள் பெரிதாகி விலை இறங்கியிருந்தது. தானியங்கி எந்திரங்கள் வந்திருந்தன. இரண்டு தொழில்நுட்பத்தை ஆண்டுக்கணக்கில் பராமரிப்பதைவிட ஒன்றைப் பராமரிப்பது எளிது. விளைவு, ஏறத்தாழ 200 சதுர மீட்டர் சிலிக்கான். தேறியதைக் கைவிடும் துணிச்சல் எல்லாக் குழுவுக்கும் வாய்ப்பதில்லை.

சோதனைக் கற்றை என்பது இத்துறையின் அன்றாடம். செர்னின் எஸ்.பி.எஸ். முடுக்கியிலிருந்து பிரெவெசான் வளாகத்துக்கு வரும் கற்றைத் தடங்கள், டெசியில் 1 முதல் 6 கிகா எலக்ட்ரான் வோல்ட் வரை எலக்ட்ரான் தரும் தடங்கள், சிகாகோ அருகே ஃபெர்மிலேபில் 120 கிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் தடம். உலகின் பெரும்பாலான உணர்கருவிகள் இந்தச் சில கூடங்களில் ஒன்றைக் கடந்துதான் வருகின்றன. ஒரு குழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒருசில வாரம். சோதிக்கவேண்டிய உணரியை நடுவில் வைத்து, முன்னும் பின்னுமாக டெலஸ்கோப் என்று அவர்கள் அழைக்கும் மெல்லிய சிலிக்கான் தகடுகளை நிறுத்துவார்கள். துகள் எங்கே நுழைந்தது என்பதை டெலஸ்கோப் சில மைக்ரான் துல்லியத்தில் சொல்லிவிடும். நம் உணரி அதைப் பார்த்ததா, சரியான இடத்தில் பார்த்ததா, எவ்வளவு பெரிய சமிக்ஞை தந்தது? நூறில் எத்தனை துகள் தப்பியது என்ற எண் அங்கேதான் கிடைக்கிறது.

சி.எம்.எஸ். படிகங்களை 1,700 படிகம் கொண்ட 36 பெரும் தொகுதிகளாகக் கட்டினார்கள். இரு முனைகளின் படிகங்கள் தனி. 2006இல் அந்த 36இல் 9 தொகுதிகளைத்தான் எலக்ட்ரான் கற்றையில் வைத்து அளவுதிருத்தம் செய்ய நேரம் கிடைத்தது. மீதியை, ஏன் எல்லாவற்றையுமே, வானத்திலிருந்து இலவசமாக வரும் காஸ்மிக் மியூவான்களை வைத்துத் திருத்தினார்கள். கற்றையில் வைத்த ஒன்பதும் இரண்டு முறைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் உரைகல்லாயின.

ஆனால் சோதனைக் கற்றை மோதுவி ஆகாது. அங்கே ஒரு நேரத்தில் ஒரு துகள், தெரிந்த ஆற்றலோடு, தெரிந்த திசையிலிருந்து, பெரும்பாலும் காந்தப்புலம் இல்லாமல் வருகிறது. மோதுவியில் நூற்றுக்கணக்கான துகள்கள் எல்லாத் திசையிலும் ஒரே சமயத்தில் பாய்கின்றன. இடைவெளியை நிரப்புவது கணினிச் சிமுலேஷன். 1998இல் முதல் பதிப்பு வெளிவந்த ஜியன்ட்-4 என்ற மென்பொருள்தான் இன்று எங்கும். கருவியின் ஒவ்வொரு திருகும் கேபிளும் அதில் வடிவமாக ஏற்றப்பட்டு, ஒவ்வொரு துகளும் பொருளுக்குள் எப்படிச் சிதறும் என்று கணக்கிடப்படுகிறது. எலக்ட்ரானுக்கும் ஃபோட்டானுக்கும் இந்தக் கணக்கு அபாரமாகப் பொருந்தும். ஹாட்ரான்களுக்கு அப்படியல்ல, அணுக்கருவை உடைத்துக்கொண்டு போகும் அவற்றின் பொழிவில் நிகழ்வுக்கு நிகழ்வு ஏற்ற இறக்கம் அதிகம், கணக்கிடும் மாதிரிகளும் பாதி கோட்பாடு, பாதி அனுபவ எண். அந்த எண்கள் சரிபார்க்கப்படுவது சோதனைக் கற்றைத் தரவில். ஆக, கற்றைச் சோதனை சிமுலேஷனைத் திருத்துகிறது, சிமுலேஷன் கற்றைச் சோதனையின் குறையை ஈடுகட்டுகிறது. இந்த வட்டத்துக்கு வெளியே நின்று பார்க்க மூன்றாவது இடம் ஒன்று இல்லை, மோதுவி ஓடத் தொடங்கும்வரை.

சிமுலேஷனில் ஏற்றமுடியாத ஒன்று காலம். பத்தாண்டுக் கதிர்வீச்சைச் சில வாரங்களில் கொடுத்துப் பார்ப்பதுதான் முதுமைச் சோதனை. புகைபோட்டுப் பழுக்கவைத்த வாழைத்தாரை வைத்து மரத்தில் பழுத்ததன் ருசியைச் சொல்லத் துணிவதில் உள்ள சங்கடம் இதிலும் உண்டு. செர்னின் எல்.ஹெச்.சி.பி. சோதனை அதை நேரில் பார்த்தது. அதன் வெளித் தட உணரி வைக்கோல்போன்ற வாயுக் குழாய்களால் ஆனது. வடிவமைப்புக் காலத்தில் கடுமையான கதிர்வீச்சுச் சோதனைகளைக் கடந்தது. தொகுதிகளைத் தயாரித்த பிறகு ஆய்வகத்தில் மிதமான கதிர்வீச்சில் வைத்தபோது, குழாய்களின் பெருக்கம் குறையத் தொடங்கியது. தேடிப் போனால் குற்றவாளி பசை. தொகுதிகளை ஒட்டப் பயன்படுத்திய அரால்டைட் வகை ஒன்றிலிருந்த நெகிழ்வூட்டி மெல்ல ஆவியாகிக் கம்பியின்மேல் படிந்துகொண்டிருந்தது.

இதில் நுட்பமான திருப்பம் ஒன்று உண்டு. படிவு, கதிர்வீச்சுப் படும் இடத்தில் வாயு நுழையும் பக்கத்தில்தான் தோன்றியது. வாயு வெளியேறும் பக்கம் சுத்தமாக இருந்தது. கதிர்வீச்சால் உண்டாகும் ஓசோன் வாயுவோடு சேர்ந்து போய் அந்தப் பக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறது. கதிர்வீச்சைக் கூட்டக் கூட நோய் கூடவில்லை, குறைந்தது. வேகப்படுத்திய சோதனையில் அது ஏன் அகப்படவில்லை என்பது விளங்கிவிட்டது. வாயுவில் ஒன்றரை விழுக்காடு ஆக்சிஜன் சேர்த்தும், தொகுதிகளைச் சூடாக்கிப் பசையின் ஆவியை வெளியேற்றியும், வாயுவைத் தொடர்ந்து ஓடவிட்டும் நிலைமையைச் சமாளித்தார்கள். ஆக்சிஜனைச் சேர்க்கலாம் என்ற யோசனை ஓசோன் கதை தெரிந்ததால் வந்தது.

பாபரின் கதையில் குற்றவாளி ஆளிவிதை எண்ணெய். மியூவான்களைப் பிடிக்க அங்கே வைத்த மின்தடைத் தகடு அறைகள் பேக்கலைட்டால் ஆனவை. உள்பரப்பை வழவழப்பாக்க எண்ணெய் பூசுவது வழக்கம். 1999இல் ஓட்டம் தொடங்கிய முதல் கோடையில், பக்கத்திலிருந்த மின்னணுச் சாதனங்களின் வெப்பத்தால் அறைகள் 30 டிகிரியைத் தாண்டின. சரியாக உலராத எண்ணெய் துளித்துளியாகத் திரண்டு இரண்டு தகடுகளுக்கும் இடையே பாலம் போட்டது. மியூவான் காணும் திறன் சரியத் தொடங்கி, குளிர்வித்த பிறகும் மீளவில்லை. நடுப் பகுதியின் அறைகளை 2004க்கும் 2006க்கும் இடையே வேறுவகைக் குழாய்களால் மாற்றவேண்டிவந்தது. பின்னால் வந்த அட்லஸும் சி.எம்.எஸ்.ஸும் எண்ணெயை மெல்லிசாகப் பூசி நன்றாக உலரவிட்டது இந்தப் பாடத்தின் பலன்.

ஒவ்வொரு பாகமும் தனித்தனியே சரியாக இருந்து, சேர்ந்ததும் கெட்டுப்போவது இன்னொரு ரகம். ஃபெர்மிலேபின் சி.டி.எஃப். கருவியில் 2001, 2002 வாக்கில் சிலிக்கான் உணரியின் சில பகுதிகள் திடீரென்று ஊமையாயின. மின்சுற்றுகளை இணைக்கும் அலுமினிய நூல்கள், தலைமுடியைவிட மெல்லியவை, அறுந்திருந்தன. காரணத்தை ஊகிக்கவே நேரம் பிடித்தது. 1.4 டெஸ்லா புலத்துக்குக் குறுக்காக ஓடும் நூலில் மின்னோட்டம் பாயும்போதெல்லாம் ஒரு சின்ன உந்து விசை கிடைக்கும். டிரிக்கர் சீரான இடைவெளியில் தொடர்ந்து வந்து, அந்த அதிர்வெண் நூலின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டால், நூல் யாழின் நரம்பாக அதிர்ந்து, அடியில் களைத்து அறுந்துவிடும். காந்தம் இல்லாமல் சோதித்தால் இது தெரியாது. காந்தத்தோடு, ஆனால் ஒழுங்கற்ற டிரிக்கரோடு சோதித்தாலும் தெரியாது. சீரான தாளத்தில் டிரிக்கர் வந்தால் உடனே நிறுத்தும் காவல் சுற்று ஒன்றைச் செய்து சேர்த்தார்கள். அட்லஸின் உள் பிக்சல் அடுக்கிலும் பின்னாளில் இதே காவல் இடம்பெற்றது.

செர்னுக்கு இப்படிச் சேர்த்துச் சோதிக்க எதிர்பாராமல் வாய்த்தது ஒரு விபத்தினால். 2008 செப்டம்பர் 10 அன்று கற்றை முதன்முதலாகச் சுற்றியது. 19ஆம் தேதி மீக்கடத்துக் காந்தங்களுக்கு இடையேயான ஓர் இணைப்பு வெடித்து, எந்திரம் 14 மாதம் முடங்கியது. சி.எம்.எஸ். குழு அந்த இலையுதிர் காலத்தில் காந்தத்தை முழுப் புலத்தில் இயக்கி, 27 கோடி காஸ்மிக் மியூவான்களைப் பதிவுசெய்தது. தட உணரியின் அடுக்குகள் உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று மைக்ரான் கணக்கில் அவற்றால் கண்டுபிடித்தார்கள். 2009 நவம்பரில் கற்றை திரும்பி, சில நாளில் மோதல்கள் தொடங்கியபோது கருவி அநேகமாகத் தயாராக இருந்தது. விபத்தைப் பாராட்டுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

அப்படியிருந்தும் ஒன்று தப்பியது. முதல் மோதல்களிலேயே படிகக் கலோரிமீட்டரில் ஒற்றைப் படிகம் மட்டும் மாபெரும் ஆற்றலைக் காட்டும் நிகழ்வுகள் வந்தன. உண்மையான ஃபோட்டான் தன் ஆற்றலைப் பக்கத்துப் படிகங்களுக்கும் பகிரும், இவை பகிரவில்லை. படிகத்தின் பின்னால் ஒட்டியிருந்த டையோடின் சிலிக்கானையே ஏதோ ஒரு ஹாட்ரான் நேரடியாகத் தாக்கியிருந்தது. நடுப் பகுதியின் ஒவ்வொரு படிகத்துக்கும் இரண்டு டையோடுகள். ஆனால் அவற்றின் சமிக்ஞை ஒன்றாகக் கூட்டப்பட்டே வெளியே வந்தது. தனித்தனியாக வாசித்திருந்தால் ஒன்று மட்டும் கத்துவதைப் பார்த்துப் பொய்யை எளிதில் பிடித்திருக்கலாம் என்று பின்னறிவில் சொல்லத் தோன்றுகிறது. அன்றைக்கு அது செலவையும் கேபிளையும் இரட்டிப்பாக்கும் யோசனை. இப்போது வடிவத்தையும் நேரத்தையும் பார்த்து மென்பொருளும் டிரிக்கரும் அவற்றை வடிகட்டுகின்றன. அடுத்த கட்டத்துக்கு இன்னும் வேகமான மின்னணுவியல் வருகிறது.

அந்த அடுத்த கட்டம், 2030ஐ ஒட்டித் தொடங்கத் திட்டமிட்டிருக்கும் உயர் ஒளிர்வு ஓட்டம். ஒரு கொத்துக் குறுக்கீட்டுக்கு 140 முதல் 200 மோதல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அவற்றை இடத்தால் மட்டும் பிரிக்கமுடியாது, நேரத்தாலும் பிரிக்கவேண்டும். அதற்காக வந்தவை 50 மைக்ரான் தடிமனுள்ள, உள்ளேயே சிறு பெருக்கம் கொண்ட சிலிக்கான் உணரிகள். 30 பிக்கோநொடி அளவுக்கு நேரம் சொல்பவை. ஒளி ஒன்பது மில்லிமீட்டர் போகும் நேரம் அது. கதிர்வீச்சால் பெருக்கம் குறையும்போது மின்னழுத்தத்தைக் கூட்டி ஈடுகட்டலாம் என்பது திட்டம். ஆய்வகத்தில் கதிரியக்க மூலத்தின் பீட்டா கதிர்களை வைத்துப் பார்த்தபோது உயர் மின்னழுத்தத்திலும் நன்றாகவே ஓடின. சோதனைக் கற்றைக்குக் கொண்டுபோனதும் செத்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் நட்சத்திர வடிவில் கருகிய தடம். அரிதாக ஒரு துகள் மெல்லிய சிலிக்கானுக்குள் பெரும் ஆற்றலை ஒரே புள்ளியில் இறக்கிவிட்டால் அங்கே மின்பாதை திறந்து உணரி எரிந்துவிடுகிறது.

இங்கே துறை பழைய அனுபவத்திலிருந்து பயனடைந்திருக்கிறது என்றே சொல்வேன். உற்பத்தி தொடங்குமுன், கற்றையிலேயே, வெவ்வேறு தடிமனுள்ள உணரிகளை வேண்டுமென்றே சாகவிட்டு எல்லையைக் கண்டார்கள். மின்னழுத்தத்தைத் தடிமனால் வகுத்தால் மைக்ரானுக்குச் சுமார் 11 அல்லது 12 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. அந்த எல்லைக்குள் ஆயுள் முழுக்க ஓடவேண்டுமானால் பெருக்கம் மெதுவாகக் குறையவேண்டும். பெருக்க அடுக்கில் கார்பனைச் சேர்த்தால் அது நடக்கிறது என்று தெரிந்து அந்த வகையைத் தேர்ந்தார்கள். ஹெரா-பி தாமதமாகக் கற்றதை இவர்கள் உற்பத்திக்கு முன்பே கற்றார்கள்.

எல்லாவற்றிலும் அப்படி அமைந்துவிடவில்லை. அட்லஸின் புதிய சிலிக்கான் தட உணரிக்குப் பட்டை உணரிகளைத் தயாரிக்கத் தொடங்கியபின்பு, பூச்சியத்துக்கு வெகு கீழே குளிர்வித்தபோது சில உணரிகள் விரிசல் விட்டன. சிலிக்கானும் அதன்மேல் ஒட்டிய மின்சுற்றுப் பலகையும் குளிரில் வெவ்வேறு அளவு சுருங்குகின்றன. இடையில் இருப்பது பசை. மின்னழுத்த மாற்றியின் கொண்மிகள் அதிர்ந்து அந்தப் பசை வழியாகவே உணரிக்குள் இரைச்சலைக் கடத்துவதும் குளிரில்தான் வெளிப்பட்டது. பலகைக்கும் உணரிக்கும் நடுவே நெகிழ்வான இடைத்தாள் ஒன்றை மென்மையான பசையோடு வைப்பது தீர்வாக வந்தது. மறுபடியும் பசை!

இந்தியக் கைகள் இந்தப் பணியில் உண்டு. சி.எம்.எஸ்.ஸின் வெளி ஹாட்ரான் கலோரிமீட்டரில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்கு முதன்மையானது, முன்பொழிவு உணரிக்கான சிலிக்கானை பாபா அணு ஆராய்ச்சி மையமும் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து செய்தன, சென்னை ஐ.ஐ.டி. சி.எம்.எஸ். கூட்டமைப்பில் உறுப்பு. மோதுவியோடு சம்பந்தமில்லாவிட்டாலும் மதுரையில் இருக்கும் 85 டன் காந்த இரும்பு மாதிரிக் கருவியைச் சொல்லவேண்டும். தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிட்டு, எதிர்ப்பாலும் அனுமதிச் சிக்கல்களாலும் தடைப்பட்டுக் கிடக்கும் நியூட்ரினோ ஆய்வகத்துக்கான ஒத்திகை அது. அதில் இருப்பவை பாபரில் கெட்ட அறைகளின் உறவு, ஆனால் பேக்கலைட்டுக்குப் பதில் கண்ணாடி, எண்ணெய் தேவையில்லை.

இந்த மின்தடைத் தகடு அறைகள் எல்லாவற்றுக்கும் இப்போது புதிய சிக்கல், அவற்றை நிரப்பும் வாயு. குளிர்சாதனங்களில் இருந்த ஆர்-134ஏ தான் வழக்கமான கலவையில் 95 விழுக்காட்டைப்போல. கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரத்து நானூறு மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்குவது. கூடவே சிட்டிகை அளவு சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு, அது இருபதாயிரம் மடங்குக்கும் மேல். செர்னின் நேரடி உமிழ்வில் பெரும்பங்கு உணர்கருவிகளின் இத்தகைய வாயுக்களிலிருந்து வருகிறது. பழைய அறைகளின் பிளாஸ்டிக் இணைப்புகளில் விழுந்த விரிசல்கள் கசிவைக் கூட்டின. ஐரோப்பிய ஒன்றியமும் இவ்வாயுக்களின் விற்பனையைச் சுருக்கிவருகிறது. மாற்றாக முன்வந்திருக்கும் ஹைட்ரோஃபுளோரோ ஒலிஃபின் காற்றுமண்டலத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதுதான் அதன் நன்மை. அறைக்குள்ளும் அது சீக்கிரம் சிதைகிறது. அப்போது பிறக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு பரப்புகளை அரிக்கக்கூடியது, மின்னோட்டமும் கூடுகிறது.

ஆகவே செர்னின் காமா கதிர்வீச்சுக் கூடத்தில், தொடக்கத்தில் சுமார் 14 டெராபெக்கரல் இருந்த சீசியம் மூலத்தின் முன்னால், வெவ்வேறு கலவைகள் நிரப்பிய அறைகள் ஆண்டுக்கணக்காக நிற்கின்றன. மியூவான் கற்றை வரும்போது திறனை அளக்கிறார்கள், வராதபோது மின்னோட்டத்தைக் கவனிக்கிறார்கள். மூலத்தை இன்னும் அருகில் வைத்தால் விடை சீக்கிரம் கிடைக்கும். எல்.ஹெச்.சி.பி.யின் ஓசோன் கதைக்குப் பிறகு, அப்படிக் கிடைக்கும் விடையை நம்பி நிலத்தடியிலுள்ள ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் அறைகளில் புது வாயுவை நிரப்ப ஒப்புக்கொள்பவர் குறைவு. பழைய வாயுவைச் சேகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் எந்திரங்களையும், கசிவை அடைக்கும் ஆட்களையும் வைத்து இப்போதைக்கு நேரம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.